நாள் பார்த்த பாட்டில்

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடிப்பக்கத்தை விளக்குக்கு நேராகக் காட்டினான் செவ்வேள். ஒன்றும் இல்லை. கழுத்தைச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கத்துச் சீட்டின் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்த்தான். அதை வைத்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தான்.

"சார், என்னா தேடுறீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"தேதி."

"என்னா தேதி?"

"எப்ப வடிச்சாங்கன்னு போட்டிருக்கும்ல, அது."

அவள் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எப்ப வடிச்சா என்னா சார்? திறக்கும் நாளே பிறந்த நாள்!"

அது உறைமூடி விளம்பரத்தின் வாசகம். புதுச்சேரியில் பால்வாடிக் குழந்தைகூட அதைப் பாடும். செவ்வேளுக்கும் தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. பியர் பாட்டிலைத் தொட்டதும் அது தானாகக் கவிழ்த்துப் பார்த்தது.

உறைமூடியை முதலில் ரத்தப் பைகளுக்குத்தான் செய்தார்கள். மூடியைத் திருகியதும் உள்ளே இருப்பது வெளியே ஓடும் காலத்தோடு சேர்ந்து ஓடுவதை விட்டுவிடும். குளிர வைப்பதும் இல்லை, மருந்து கலப்பதும் இல்லை. உள்ளே காலம் நிற்கும், அவ்வளவுதான். மூடியைக் கழற்றினால் விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்கும். ரத்தத்துக்குப் பிறகு தடுப்பூசி, அதற்குப் பிறகு பால், பிறகு மல்லிகைப்பூ, இட்லி மாவு. சின்ன ஆலைகளில் ஆள் பக்கத்திலேயே நின்று பக்குவம் பார்த்து இறக்கும் கைவடி பியருக்கு அது வந்தபோது ஊரே கொண்டாடியது. பொருள்களிலிருந்து தேதி மறைந்தது. யாரும் வருந்தவில்லை.

மெல்ல வேறு சிலவும் மறைந்தன. "மிஞ்சினா வீணாப்போயிடும், இன்னொரு கரண்டி போட்டுக்க" என்று யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. மீன்குழம்பு அதிகமாகிவிட்டதென்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட வராதவர்களின் இலைச் சாப்பாடு அப்படியே மூடி போட்டு வீட்டுக்கு வந்துவிடும். வராமல் போனதற்காக யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை.

"மூடி போடாத பாட்டில் ஏதாவது இருக்கா?" என்றான் செவ்வேள்.

"ஐயோ, கெட்டுப்போயிடும்ல?"

"அதுதான் வேணும்."

"கெட்டுப்போறதுக்குன்னே ஒண்ணு வேணுமா? நல்லாத்தானே சார் இருக்கீங்க, பாக்கறதுக்கு?" அவள் முகத்தில் கேலி இருந்தாலும், அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "அரியாங்குப்பத்துல ராயண்ணன் ஆலையில இன்னிக்குப் புது வடிப்ப பாட்டில்ல அடைக்கிறாங்க. மூடி போடறதுக்கு முன்னாடி போனீங்கன்னா கிடைச்சாலும் கிடைக்கும். ஓடுங்க."

அவன் ஓடினான்.

ஆளில்லாத் தன்னோட்டி வண்டி ஒன்று அவனை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது. நாளைக் காலை அவனுடைய பல வருஷத் தோழி அமலோற்பவம் ரீயூனியன் தீவுக்குக் கிளம்புகிறாள். அவள் அண்ணன் அங்கே இருக்கிறான். வீட்டை விற்றாகிவிட்டது. இனித் திரும்பி வருவதாக இல்லை. "போறதுக்குள்ள ஒரு சாயங்காலம் உக்காந்து பேசுவோம் அமலி" என்று அவன் கேட்டபோதெல்லாம், "பேசுவோம்டா, எங்க ஓடிடப் போவுது?" என்றாள். ஒரு பாட்டில் வாங்கியதாகச் செய்தி அனுப்பினால், "வச்சிரு, சாவகாசமாக் குடிப்போம்" என்று பதில் வரும். செவ்வேளின் வீட்டு அலமாரியில் அப்படி 'வச்சிரு'க்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே புத்தம் புதியவை. அவற்றைப் பார்த்தாலே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. போகாதே, இங்கேயே என்னோடு இருந்துவிடு. அதற்கு ஒரு சாயங்காலம் வேண்டும். தள்ளிப்போட முடியாத ஒரு சாயங்காலம்.

முன்பெல்லாம் சனிக்கிழமைகள் அப்படித்தான் இருந்தன. மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சின்னக் கடை. கைவடி பியர் வாங்குவது அப்போது கீரை வாங்குகிற மாதிரி. பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் மணம் வடித்த சில வாரங்களில் மங்கத் தொடங்கிவிடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். பழசை வாயில் வைத்தால், "மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டிய நக்குன மாதிரி இருக்கு" என்பாள் அமலி. அதனால் தேதி பார்க்காமல் அவள் எதையும் எடுக்க மாட்டாள். கடைக்காரர் பழசை முன்னால் வைத்துப் புதுசைப் பின்னால் ஒளித்திருப்பார். "முன்னாடி நிக்கிறதெல்லாம் மூத்த பிள்ளைங்கடா. கடைக்குட்டி சுவத்தோரமா பதுங்கியிருக்கும்" என்று சொல்லி முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவாள். சில ஆலைகள் தேதிக்குப் பதிலாக அது வருஷத்தின் எத்தனையாவது நாள் என்று ஓர் எண்ணை மட்டும் அச்சடிக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் கணுக்களை எண்ணி மாதத்தையும் தேதியையும் சொல்லிவிடுவாள். இரண்டு பேரில் யார் இளைய பாட்டிலைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு முதல் மிடறு. அதற்குப் பெயரே 'நாள் பார்க்கிறது'.

அந்தச் சொல்தான் ஒருமுறை வம்பில் மாட்டிவிட்டது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்த அமலி, கூடத்தில் நின்றுகொண்டு செவ்வேளிடம் தொலைபேசியில் கத்தினாள்: "நாள் பாத்துட்டேன்டா! புதன்கிழமை! இதைவிட நல்லது கிடைக்காது, வேற யாரும் தூக்கிட்டுப் போறதுக்குள்ள வந்துடு!" அவளுடைய அப்பா சவரிநாதன் பூசைக்குப் போவதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பாதி பொத்தானோடு நின்றுவிட்டார். பிறகு நேராகக் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம், பையன் வேற மதம், இருந்தாலும் பிள்ளைகள் தாங்களே நாளும் பார்த்துவிட்டார்கள், இனி நான் என்ன சொல்லித் தடுப்பது, கல்யாண மந்திரிப்புக்குப் புதன்கிழமை கோயில் காலியாக இருக்குமா என்று கேட்டுவிட்டார். அன்று மாலை செவ்வேள் பியர் குடிக்கும் நினைப்பில் உள்ளே நுழைந்தபோது, அமலியின் அத்தைகள் மூன்று பேர் தட்டில் பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். சவரிநாதனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. செவ்வேளும் அமலியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது, அது நிஜமாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்திருந்தார்கள். இன்னொரு சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். அப்படி அவன் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் உறைமூடி வந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமை போக அவசியம் இல்லாமல் போயிற்று.

ராயண்ணனின் ஆலையில் மூடி போடும் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முழுப்பெயர் பாவாடைராயன். அந்த வட்டாரத்தில் தொட்டி வைத்துப் பியர் காய்ச்சுகிறவர்களில் மிஞ்சியவர்.

"ராயண்ணே, ஒரே ஒரு பாட்டில். மூடி இல்லாம."

"மூடி இல்லாமன்னா? விரலால பொத்திக்கிட்டுப் போவியா?"

"பழைய மாதிரி தக்கை கிக்கை எதாவது..."

"தக்கையா! தக்கைன்னு ஒண்ண நான் கடைசியாப் பாத்தது என் மாமனார் தூண்டில்லதான்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வேணாம்பா. ராத்திரிக்குள்ள வாசனை அடங்கிடும். காலையில சப்புன்னு ஆயிடும். யாராவது ஒரு வாய் குடிச்சிட்டு, ராயன் சரக்கு இவ்வளவுதானான்னு கேட்டா, கெட்டுப்போறது பியர் மட்டுமில்ல, என் பேரும்தான்."

"காலை வரைக்கும் போவாதுண்ணே. சாயங்காலமே குடிச்சிடுவோம்."

"யாரு கூட?"

"அமலி."

"சவரிநாதன் மக? அது நாளைக்கு ஊருக்குப் போவுதுன்னு..." ராயண்ணன் ஆட்கள் பக்கம் திரும்பினார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு பாட்டிலை அவரே அலசி, தொட்டிக் குழாயிலிருந்து நுரை வழிய நிரப்பினார். மாதிரி எடுக்கும் குப்பியிலிருந்த ரப்பர் அடைப்பானைப் பிடுங்கிச் செருகி, மேலே கம்பியைச் சுற்றி முறுக்கினார். அப்படியும் ஓரத்தில் லேசாகக் காற்றுக் கசிந்தது.

"தேதி போட்டுக் குடுண்ணே."

அவர் மை பேனாவைத் தேடி எடுத்தார். "இன்னிக்கு என்னாடா தேதி?" என்று பொதுவாகக் கேட்டார். ஒருவர் பதினாலு என்றார். இன்னொருவர், பதினாறு, பந்தயம் கட்டுகிறீர்களா என்றார். ராயண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, பாட்டிலின் கழுத்தில் பெரிதாக 'இன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

வாசலில் நின்றே செவ்வேள் அமலியை அழைத்தான்.

"ராயண்ணன் ஆலையிலேர்ந்து பேசறேன். கையில ஒரு பாட்டில் இருக்கு."

"வாங்கி வச்சிருடா, நான் இங்க பெட்டி கட்டிக்கிட்டு..."

"வைக்க முடியாது அமலி. மூடி இல்ல. ராத்திரி தாங்காது."

மறுமுனையில் ஒட்டுநாடா கிழியும் சத்தம் நின்றது.

"நிஜமாவா? கெட்டுப்போயிடுமா?"

"கெட்டுப்போயிடும்."

"அப்புறம் என்னடா பேசிக்கிட்டு நிக்கிற? ஓடியா!"

முத்தியால்பேட்டை வீட்டில் அட்டைப்பெட்டிகளைத் தவிர எதுவும் இல்லை. கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை கழற்றப்பட்டிருந்ததால் மாலை வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து தரையெல்லாம் கிடந்தது. அமலி கொண்டையை இறுக்கி முடிந்தபடி வந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"ஏண்டா இப்படி மூச்சு வாங்குற? பாட்டிலுக்கு முன்னாடி நீ கெட்டுப்போயிடுவ போலருக்கே."

"தன்னோட்டி தெருமுனையிலயே இறக்கி விட்டுடுச்சு. ஓடி வந்தேன்."

"குடு இங்க." பழக்கம் விடாமல் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறகு கழுத்தில் இருந்ததைப் படித்தாள். "இன்று." உரக்கச் சிரித்தாள். "இதைவிட நல்ல நாள் யாருடா பாக்க முடியும்? முதல் மிடறு உனக்குத்தான்."

வெளியே எடுத்து வைத்திருந்தது ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு எவர்சில்வர் டம்ளரும்தான். குவளையை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கம்பியின் முறுக்கைப் பிரித்து அடைப்பானைப் பிடுங்கினாள். ஹாப்ஸ் பூவின் வாசனை, எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளியது மாதிரி, கூடம் முழுக்கப் பரவியது. செவ்வேள் குவளையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் வரிசையில் நின்றன. முதல் மிடறு முடிந்ததும் கேட்டுவிட வேண்டும்.

அவள் பாட்டிலைக் குவளைக்கு மேலே சாய்க்கப் போனாள். சாய்க்காமல் நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"இதுவும் தீந்துட்டா, அப்புறம் உன்ன வந்து பாக்க எனக்கு என்னடா சாக்கு இருக்கு?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் காதில் அது கேலியாக விழவில்லை. ஊற்றினால் நுரை எழும், அடங்கும். இரண்டு குவளை, பிறகு மண்டி. கேட்பான். அவள் சரி என்பாள், அல்லது இல்லை என்பாள். இல்லை என்றால் காலையில் விமானம், அதோடு எல்லாம் முடிந்துவிடும். ஊற்றாமல் இருந்தால்? ஜன்னல் வெயில் அவளுடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. சனிக்கிழமை எதுவும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்று பட்டது. அவன் கை நீண்டு அடைப்பானை எடுத்துப் பாட்டிலின் வாயில் வைத்து அழுத்தியது.

"என்னடா பண்ற?"

"வச்சிருப்போமா?" என்றான் செவ்வேள்.

அமலியின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியது. "ராத்திரி தாங்காதுன்ன?"

"வீட்ல ஒரு உறைமூடி கூடவா இருக்காது?"

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நீ எப்பவாவது வருவல்ல. அப்ப குடிப்போம். நல்ல நாள் பாத்து."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அவன் இன்னும் ஏதோ சொல்லப்போகிறான் என்பதுபோல் காத்திருந்தாள். தேவைக்கு அதிகமாகவே காத்திருந்தாள். தெருவில் ஒரு தன்னோட்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று.

பிறகு எழுந்து, ஒட்டி முடித்திருந்த ஒரு பெட்டியைக் கிழித்துத் துழாவி, ஒரு உறைமூடியை எடுத்துவந்தாள். அடைப்பானை எடுத்துவிட்டு மூடியை வைத்துத் திருகினாள். சின்னதாக ஒரு சொடுக்கு. கழுத்தில் ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் பாதி வழியில் அப்படியே நின்றன.

"நீயே வச்சிரு. எனக்குப் பெட்டியில இடமில்ல" என்றாள்.

அவனுக்கு முன்னால் இருந்த குவளையை எடுத்து, காய்ந்தே இருந்ததைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, பழைய துணியில் சுற்றி, கிழித்த பெட்டிக்குள்ளேயே வைத்தாள். ஒட்டுநாடாவை இழுத்தாள். ஒட்டுவதற்கு அவன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டான். அவள் சொன்னாள்.

பாட்டிலை அணைத்துக்கொண்டு செவ்வேள் கடற்கரைப் பக்கமாக நடந்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. எதிரே வந்தவர்கள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். ஊரெங்கும் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலுக்குள் மட்டும் இன்னும் பொழுது சாயவில்லை.