கூத்தரங்கில் ஓர் அரசி

கதிரவன் மேல்வானத்துச் செக்கர் முகில்களினூடே மறைந்துகொண்டிருந்த வேளையில், வெள்ளாற்றின் நீர்ப்பரப்பு குருதி கலந்தாற்போல் சிவந்து, எயினங்கோட்டையின் இடிந்த மதிலைத் தழுவி ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. மதில்மேல் பறந்த கொடி பகைவனுடையது. கோட்டையை ஆண்ட அரசர் கொற்றங்கோவர் போரில் மாண்டுவிட்டார். அவருக்காகக் கண்ணீர் விடுவோருக்குக் கழுமரம் என்று வெற்றி கொண்ட தண்டநாயகன் விடங்கராயன் பறையறைவித்திருந்தான். ஆகையால், வாசகர்களே, அவ்வூரில் அடுப்புப் புகைக்குக்கூடக் கண் கலங்க மக்கள் அஞ்சினர்!

ஆற்றங்கரைக் கூடாரத்தில் விடங்கராயன் முன்பு தலைகுனிந்து நின்றாள் ஆடல்மகள் சேந்தி.

“கொற்றங்கோவன் மாண்ட கதையைச் சற்று நேரத்தில் கோட்டை முற்றத்தில் ஆட வேண்டும். ஊரார் அனைவரும் வருவார்கள்.”

“அழுதால் கழுமரம் என்ற ஊரில் சோகக் கூத்தா, பிரபு?”

“அதற்காகத்தான்! கோவனின் தேவி வானவி ஊர்ப்பெண்களுக்குள் ஒளிந்திருக்கிறாள். அவள் முகத்தை நானோ என் ஆட்களோ கண்டதில்லை. தமையனிடம் போய்ச் சேர்ந்தாளானால் மலைநாட்டுப் படை என்மேல் பாயும். கணவன் சாவதைக் கண்டு எவள் அழுகிறாளோ, அவளே வானவி. ஆட மறுத்தால் உன் கணவன் தலை தரையில் உருளும்.”

அரிதாரம் பூசிக்கொண்டிருந்த தன் கணவன் பூதனிடம் சேந்தி யாவற்றையும் சொன்னாள். “தேவியார் நெசவுப் பெண்களோடு நிற்கிறார்கள். அரண்மனையில் ஆடிய நாளில் பார்த்த முகம், மறக்குமா?”

“நாம் ஏனோதானோவென்று ஆடிவிட்டால்?”

“எப்படி ஆடினாலும் அவர் அழுதுவிடுவார். அவர் ஒருவரே அழுதார் என்று ஆகக்கூடாது. ஊரே அழ வேண்டும்.”

முழவு முழங்கிற்று. கோவராக வேடமிட்ட பூதன் மார்பில் வேல் தாங்கி வீழ்ந்தான். தேவியாக வந்த சேந்தி அவன் தலையை மடியில் ஏந்தினாள். அரசர் பெருமையை அவள் பாடவில்லை. “பாதி உழுத வயலை விட்டுப் போனீரே! தறியில் கிடக்கும் புடவையை யாருக்காக உடுத்துவேன்? வாய்க்கரிசி இட எனக்கு ஒரு நாழிகை தரமாட்டார்களா?” என்று ஓலமிட்டாள்.

இரண்டு மகன்களைப் போரில் இழந்திருந்த கொல்லர் ஒருவர் முதலில் விம்மினார். பிறகு பெண்கள், பிறகு முற்றமே. விடங்கராயனின் வீரன் ஒருவன் வேலை மதிலில் சாய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த அழுகை வெள்ளத்தில் வானவியின் கண்ணீரும் கலந்து காணாமற் போயிற்று.

“அழுதவர்களைப் பிடியுங்கள்!” என்று கத்தினான் விடங்கராயன்.

“கூத்துப் பார்த்து அழுதோம் சாமி,” என்றார் கொல்லர். “கூத்துக்கு அழக்கூடாதுன்னு பறையில சொல்லலையே!”

விடங்கராயனின் பார்வை அரங்கின்மேல் நிலைத்தது. விரலை நீட்டி எழுந்தான்.

“கணவனைப் பறிகொடுக்காத எவளும் இப்படி அழ மாட்டாள். ஆடல்மகள் என்று கூடாரத்தில் என்னையே ஏமாற்றினாய். வானவி நீதான்!”

சேந்தி கூட்டத்தைப் பார்த்தாள். அல்ல என்று சொன்னால் தேடல் மீண்டும் தொடங்கும். மூடிய ஆற்று வாயிலருகே நெசவுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்தாள்.

“என்னைப் பெயர் சொல்லி அழைக்க உரிமையுள்ளவர் ஒருவரே. அவர் இதோ கிடக்கிறார். ஆற்று வாயிலைத் திறந்து என் குடிகளைப் போகவிடு, விடங்கராயா. நான் வருகிறேன்.”

வாயில் திறந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நெசவுப் பெண்களும் ஓடத்துறைக்கு இறங்கினார்கள். வீரர்கள் கயிற்றோடு நெருங்கியபோது, பிணமாகக் கிடந்த பூதனின் கண்கள் திறந்திருப்பதைச் சேந்தி கண்டாள். அவன் கை தரையை ஊன்றத் தொடங்கியிருந்தது. அவள் குனிந்து, தேவியானவள் செய்யும் கடைசிக் கடனைப் போல, அவன் இமைகளைத் தன் விரல்களால் மூடினாள். மூடிய இமைகளின்மேல் ஒரு கணம் அழுத்தினாள்.

அவளை இழுத்துச் சென்றார்கள். ஆற்றில் துடுப்போசை தேய்ந்து மறையும்வரை பூதன் பிணமாகவே கிடந்தான்.