படகுக்குக் காத்து நின்ற பஸ்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நெடுந்தீவுப் படகு வந்து சேராமல் கடைசி பஸ் வெளிக்கிடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. குலசிங்கத்துக்கும் தெரியாது. பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவனும் நிற்கிறான், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் நிற்க அவன் உடம்பில் தெம்பே இல்லை. கிழமை முழுக்க வாடைக்காற்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து இழுத்து, தோள்மூட்டு இரண்டும் விட்டுப்போயிருந்தன. கடல் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதன்மேல் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து விழ, தண்ணீரிலிருந்து ஆவி எழும்பியது, மழை பாட்டம் பாட்டமாகக் கொட்டியது. கரையொதுங்கிய சாதாளைப் புல் அழுகி நாறியது.

அவன் மனைவி மீனலோசனி நெடுந்தீவில் ரீச்சர். கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை படகில் வருவாள். ட்றைவருக்குப் பின்னாலுள்ள சீற்றில் அவன் தன் முகம் துடைக்கிற லேஞ்சியை விரித்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பான். ஏறியதிலிருந்து வேலணை வீடுவரை ஒரு கிழமைக் கதையையும் அவன் பிடரியைப் பார்த்துச் சொல்லி முடிப்பாள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஆனால் லேஞ்சி அவன் பையிலேயே இருந்தது. விரித்துவிட்டு அவள் வராமல் போனால்? அதை நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் போன் எடுத்தவள், "பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. படகு கிடைச்சால் வாறன்," என்றாள். பிறகு சிக்னல் போய்விட்டது.

கொண்டக்டர் அமலதாஸ் இறங்குதுறைப் பக்கம் போய் நனைந்து வந்தான். "அண்ணை, இண்டைக்குப் படகு ஓடேல்லை எண்டு நேவிக்காரர் சொல்லுறாங்கள். இருண்டால் தாம்போதி ரோட்டுக்கு மேலால கடல்தண்ணி ஏறிடும். வெளிக்கிடுவம்."

"கொஞ்சம் பொறும்."

"அக்கா விவரமான ஆள். இந்தக் காத்துக்கை கடலிலை இறங்கமாட்டா."

"வீட்டுக்கு வாறதெண்டால் அவவுக்கு விவரம் எல்லாம் பறந்திடும். அதுதான் பயமாக் கிடக்கு."

அப்போதுதான் படகு இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

படகைக் காணவில்லை. மழைக்குள்ளிருந்து ஆட்கள் மட்டும் வந்தார்கள். பெண்கள், ஆண்கள், பை தூக்கியவர்கள். காற்று இறங்குதுறைத் தகரங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

ஒருத்தியின் சேலைத் தலைப்பும் அசையவில்லை.

பின்கதவால் ஏறினார்கள். பஸ் பாரத்தில் பதிந்தது. டிக்கெட் போடப் போன அமலதாஸ் போன வேகத்திலேயே திரும்பி வந்து, குலசிங்கத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் குந்தினான். அவன் பல்லு அடித்துக்கொண்டிருந்தது.

"எடுங்கோ அண்ணை. திரும்பிப் பாக்காதேங்கோ."

"மீனா இருக்கிறாளோ?"

"முகம் தெரியேல்லை. எல்லாரும் குனிஞ்சுகொண்டு இருக்கினம்."

குலசிங்கம் பஸ்ஸை எடுத்தான். வேறென்ன செய்வது? வழியில் மடத்துவெளி ஊரில் மின்சாரம் இல்லை. ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் இருமக்கூட இல்லை. பஸ்ஸுக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சாதாளை நாற்றமும் கூடவே வந்தது.

தலைக்கு மேலிருந்த கண்ணாடி ஆவி படிந்து புகார் பிடித்திருந்தது. பையிலிருக்கிற லேஞ்சியால் ஒருதரம் துடைத்தால் போதும், பின்னால் இருப்பவர்கள் தெரிவார்கள்.

கை எழும்பவில்லை.

பார்க்காதவரைக்கும் அவள் நெடுந்தீவுக் கரையில் உயிரோடு இருந்தாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். தாம்போதியில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் கறுத்துக் கிடந்தது. அலை ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் விழுந்தது.

மணி அடித்தது.

இறங்குவதற்கான மணி. நடுத் தாம்போதியில் வீடும் இல்லை, வாசலும் இல்லை. பழக்கதோஷம், கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்கதவால் அவர்கள் ஒவ்வொருவராக இறங்குவதை பஸ்ஸின் குலுக்கத்தில் உணர்ந்தான். கடல் பக்கமாகத்தான் போனார்கள். ஒரு காலும் தண்ணீரில் சளக்கென்று விழவில்லை.

குலுக்கம் நின்றது.

அவன் லேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். பஸ் வெறுமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"இஞ்சருங்கோ, நான்தான். குவாட்டர்ஸிலை நிக்கிறன்," என்றாள் மீனலோசனி.

குலசிங்கம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். அழுகிறோம் என்ற வெட்கம்கூட அவனுக்கு வரவில்லை. "நீர் வெளிக்கிடேல்லையோ?"

"வெளிக்கிட்டனான். ஒரு படகு வந்து நிண்டது. ஏறப் போக, இடமில்லை எண்டிட்டினம். ஆரெண்டு தெரியேல்லை, எல்லாம் புது முகங்கள். ஆனால் நல்ல சனம். ஒரு மனிசி சொன்னா, 'பிள்ளை, நாளைக்கு வாரும். உமக்கு இடம் பிடிச்சு வைக்கிறம்' எண்டு."

அவன் தலையை நிமிர்த்தினான். "மீனா, நாளைக்கு..."

"ஓம், நாளைக்கு அந்தப் படகிலையே வந்திடுவன்."

லைன் அறுந்தது. அவன் திரும்பத் திரும்ப எடுத்தான். போகவில்லை.

அமலதாஸ் உள்லைற்றைப் போட்டான். எல்லாச் சீற்றிலும் தண்ணீர் குளம்கட்டி நின்றது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தவன் கையை உதறினான். "சூடாக் கிடக்கு அண்ணை. இப்பத்தான் எழும்பின மாதிரி."

ஒரே ஒரு சீற் மட்டும் காய்ந்திருந்தது. ட்றைவருக்குப் பின்னால், மீனலோசனியின் சீற்.

அதன் நடுவில் ஒரு லேஞ்சி விரித்திருந்தது.

குலசிங்கம் தன் கையைப் பார்த்தான். அவனுடையது கையில்தான் இருந்தது. சீற்றில் கிடந்ததை இரண்டு விரலால் தூக்கி, கதவைத் திறந்து, கடலுக்குள் எறிந்தான். காற்று அதை இருட்டுக்குள் கொண்டு போனதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான். பிறகு வேலணைவரை ஓட்டினான்.

வீட்டுப் படலைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, மறுபடி மீனலோசனிக்குப் போன் எடுத்தான். போகவில்லை. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. விடிந்தால் படகு ஓடும்.

இறங்கத் திரும்பினான்.

லேஞ்சி சீற்றிலேயே இருந்தது. இந்த முறை காற்று அடித்துப் போகாமல், மேலே ஒரு பாரக்கல்லும் வைத்திருந்தது. படகுக்கு நங்கூரமாகப் போடுகிற கல். அதிலிருந்து சாதாளை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.