நாற்பது முழ மைதானம்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஏஞ்சல் தன் ஷேர் ஆட்டோவை உள்ளாட்சி அலுவலக வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஏனாத்தூருக்குப் போக ஏறியிருந்த மூன்று பேர் பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

மாடியில் கடைசி அறை. கதவில் “விளையாட்டு மானியத் திட்ட மறுஆய்வு” என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இந்திராணி தனியாக உட்கார்ந்து கோப்பு படித்துக்கொண்டிருந்தார். உள்ளாட்சித் தணிக்கையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். ஊருக்குள் முப்பது குழுக்கள் விளையாட, மூன்று வருடமாக நான்கு குழுக்களுக்கே மானியம் போனது ஏன் என்று பார்த்து விதிகளைத் திருத்திக் கொடுக்கும்படி அவரை அமர்த்தியிருந்தார்கள்.

“மேடம், நான்தான் கபடிக் குழு ஏஞ்சல். எங்க மனுவை நாங்களே வாபஸ் வாங்கிட்டோம்னு கீழ சொல்றாங்க. நாங்க வாங்கவே இல்லை!”

“உட்காருமா.”

“உட்கார முடியாது மேடம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்றாங்க. வாபஸ் வாங்கின குழு ரெண்டு வருஷத்துக்குத் திரும்ப மனு போடக்கூடாதாம். பதினாலு பொண்ணுங்க சரளைக்கல்லுல விழுந்து முட்டி தேய்ச்சிக்கினு இருக்காங்க. ஒரு மேட் கேட்டோம், ரெண்டு விளக்குக் கம்பம் கேட்டோம். ரெண்டு வருஷம் கழிச்சு பாதிப் பேர் கல்யாணமாகிப் போயிடுவாங்க.”

இந்திராணி ஒரு உறையையும் அதிலிருந்த தாளையும் மேசைமேல் வைத்தார். குழுவின் பெயர் அச்சிட்ட தாள். யார் கை என்று தெரியாதபடி ஒவ்வொரு எழுத்தும் அச்சுப்போலத் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது.

“எங்கள் மகளிர் கபடிக் குழு தவிர்க்க இயலாத காரணத்தால் இந்த ஆண்டு மானிய மனுவைத் திரும்பப் பெறுகிறது. நாற்பது முழ நீளமுள்ள எங்கள் மைதானத்துக்கு வேலியோ பூட்டோ தேவையில்லை. எப்போதும்போல் திறந்தே இருக்கட்டும். இப்படிக்கு,”

அதன் கீழே ஏஞ்சலின் கையெழுத்து. ஏஞ்சல் அதை இரண்டு முறை பார்த்தாள்.

“கையெழுத்து என்னுதுதான் மேடம். ஆனா இதை நான் எழுதலை.”

“கையெழுத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவுல பாரு. இடம் போதாம எழுத்தை நெருக்கியிருக்காங்க. கையெழுத்து முதல்ல விழுந்திருக்குது, எழுத்து பின்னால வந்திருக்குது. வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டு யாருக்காவது குடுத்தியா?”

ஏஞ்சல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். போன மாதம் வாலாஜாபாத்தில் போட்டி. சவாரிக்கு நடுவே உட்கார்ந்து எழுத நேரமில்லாமல் மூன்று வெறும் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்று குழுவில் ஆடும் சுகாசினிக்கு, தொழிற்சாலையில் விடுப்புக் கேட்க. இன்னொன்று கதிர்வேலுக்கு, அவர் மகள் பொன்னிக்குக் கல்லூரியில் அனுமதி வாங்க. மூன்றாவது, போட்டி அறிவிப்பு அச்சடிக்க ராமராஜனின் ஜெராக்ஸ் கடைக்கு.

“ராமராஜன் யாரு?”

“கிரிக்கெட் கிளப் வெச்சிருக்கான் மேடம். மூணு வருஷமா மானியம் வாங்கறவன். அவன்தான். வேற யாரு?” அவள் அதற்குள் கதவருகே போயிருந்தாள்.

“நில்லு,” என்றார் இந்திராணி. உறையின் வாயை மூக்கருகே கொண்டுபோனார். ஒட்டியிருந்த ஓரத்தில் எறும்பு அரித்த சிறு சிறு ஓட்டைகள். பின்பக்கம் அலுவலக முத்திரை: போன புதன்கிழமை, காலை பத்து நாற்பது. “வாசல் பெட்டியில போட்டிருக்காங்க. யாரும் பார்க்கலை. உன் ஆட்டோ இருக்குது இல்ல? போலாம்.”

*

ஜெராக்ஸ் கடையில் ஆட்டோ நிற்பதற்குள் ஏஞ்சல் குதித்து இறங்கினாள். “இன்னாபா, மூணு வருஷம் தின்னது போதலையா?”

ராமராஜன் கையிலிருந்த தாள்கட்டைக் கீழே வைத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கோபப்படவில்லை, சிரித்தான். “நீ விலகினா எனக்கு லாபம்தான்மா. ஒத்துக்கறேன். ஆனா நான் எழுதியிருந்தா வேலி வேணாம்னு எதுக்கு எழுதணும்? எங்க கிரவுண்டுக்கே ரெண்டு பக்கம் வேலி வேணும்னு நான் கேட்டுக்கினு இருக்கேன். நீ குடுத்த தாளு எங்கன்னு கேட்டா, தெரியாது. இந்தக் குப்பையில எங்கியோ இருக்குது.” கடை முழுக்கத் தாள். மேசைமேல் கோந்துப் புட்டிகள் ஐந்தாறு.

சுகாசினி தொலைபேசியில் பேசினாள். தாளை விடுப்புக் கடிதமாக எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்ததாகச் சொன்னாள். அவர் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பார் என்றாள். “நான் ஏன்கா அப்படிப் பண்ணப்போறேன்?” என்று கேட்டாள். ஏஞ்சலுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை.

“மைதானத்தைக் காட்டு,” என்றார் இந்திராணி.

திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் இருந்தது அந்தப் புறம்போக்கு. ஒரு பக்கம் ஏஞ்சலின் காலனி, மறுபக்கம் நெசவாளர் தெரு. தரையில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடந்தது. அதன் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் ஒவ்வொரு மரக்கட்டை அடித்திருந்தார்கள்.

“இது எதுக்கு?”

“அதா? காலைல தெருக்காரங்க பாவு நீட்டுவாங்க மேடம். நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பாங்க. தெருவுல சிமெண்ட் ரோடு போட்டப்புறம் வண்டி ஓயறதே இல்லை, அதனால இங்க வந்துட்டாங்க. எட்டு மணிக்கு முடிஞ்சிடும். நாங்க சாயங்காலம்தான் வருவோம். ஒரு தகராறும் கிடையாது.”

“உங்க ஆட்டக்களம் எவ்வளவு நீளம்?”

“பன்னெண்டு மீட்டர். அகலம் எட்டு,” என்றாள் ஏஞ்சல் உடனே.

இந்திராணி தலையசைத்தார். அந்தப் பொறுமை ஏஞ்சலை என்னவோ செய்தது. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மா ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்கு மெதுவாக நடந்துகொண்டிருக்கிறார்!

எதிர்த்தெருவில் கதிர்வேலின் வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தவர் இவர்களைக் கண்டதும் கையை நிறுத்தினார். குழுவுக்கு அவர் நெருங்கியவர். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கித் தந்தவர். பொன்னி ரெய்டு போகும்போது ஓரத்தில் நின்று கத்துபவர்.

“தாளா? பொன்னி காலேஜ்ல அப்பவே குடுத்துட்டாளே. இப்ப லீவு வுட்டிருக்காங்க, கேட்கக்கூட முடியாது,” என்றார்.

“எல்லாரையும் கேட்கறோம்ணே, தப்பா நினைக்காதீங்க. போன புதன்கிழமை காலைல எங்க இருந்தீங்க?” என்று கேட்டாள் ஏஞ்சல்.

“நான் எங்கம்மா போவேன்? தறியிலதான். மதியம் சோத்துக்குத்தான் எழுந்தேன்.” பிறகு இந்திராணியின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மானியம் வந்தா மைதானத்துக்குக் கதவு போட்டுப் பூட்டிடுவாங்களாமே? சாவி யார்கிட்ட இருக்கும்?”

“குழுச் செயலாளர்கிட்ட. ஏழாவது விதி,” என்றார் இந்திராணி. அவர் பார்வை சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு கணம் நின்று திரும்பியது.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: “உன் வண்டியில அடிபட்டா போடற மருந்து இருக்குமா?”

முதலுதவிப் பெட்டியில் டிங்சர் அயோடின் இருந்தது. இந்திராணி கைப்பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார்: வாபஸ் கடிதத்தின் உறை, கிளம்பும்போது அலுவலகத்தில் எடுத்துவந்த, ராமராஜனின் மனு வந்த உறை. முதலில் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ராமராஜனின் உறையில் ஒட்டிய ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். பழுப்பாகப் பரவியது. வாபஸ் உறையின் ஓரத்தில் ஒரு சொட்டு. கண்ணெதிரே அது கருநீலமாக மாறியது.

“இது இன்னா மேடம்?”

“நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொல்லு.”

அன்று ஏஞ்சல் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள், நிறுத்தம் தவறி நிறுத்தினாள், ஒருவரை ஏற்றாமலே கிளம்பினாள்.

*

வியாழன் மாலை பயிற்சி முடிந்து மற்ற பெண்கள் போனபின் சுகாசினி, ராமராஜன், கதிர்வேல், பொன்னி நால்வரும் கோட்டோரமாக நின்றார்கள். ஏஞ்சலால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கோட்டின் மேல் அங்கும் இங்கும் நடந்தாள்.

“இந்தக் கடிதத்தை எழுதினவருக்கு மானியத்தைத் தடுக்கணும்ங்கிற ஆசை கிடையாது,” என்று தொடங்கினார் இந்திராணி. “இடத்தைப் பறிகொடுக்கற பயம்தான் இருந்திருக்குது. வாபஸ் வாங்க ஒரு வரி போதும். அதுக்கு மேல ரெண்டு வரி எழுதி வேலி வேணாம், பூட்டு வேணாம், திறந்தே இருக்கட்டும்னு சொல்றாங்க. ராமராஜன் போட்டிக்காரர்தான். ஆனா ஏஞ்சல் விலகினாலே அவர் வேலை முடிஞ்சுது. இந்த மைதானம் திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன, அவருக்கு?”

“அதைத்தான் நானும் சொன்னேன்,” என்றான் ராமராஜன்.

“அடுத்தது, முழம். கபடி ஆடறவங்க மீட்டர்ல சொல்வாங்க. ஏஞ்சல் யோசிக்காம பன்னெண்டு மீட்டர்னு சொன்னா. சுகாசினி எழுதியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.”

“பூக்காரம்மாகூட முழத்துலதான் சொல்லுவாங்க மேடம்,” என்றாள் ஏஞ்சல்.

“சொல்வாங்க. ஆனா இந்த ரெண்டு கட்டைக்கும் நடுவுல நேத்து நான் அளந்தேன், நீ கவனிக்கலை. சரியா நாற்பது முழம். மைதானம் இதைவிட ரெண்டு பங்கு பெருசு. மைதானத்தோட நீளம்னு நினைச்சு எழுதினது ஒரு பாவோட நீளம்.”

நெசவாளர் தெருவில் ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மூணாவது, உறை. கடைக்காரர் கோந்தால ஒட்டுவார். அவர் உறையில மருந்து பழுப்பாத்தான் நின்னுது. இந்த உறையில கருத்துப்போச்சு. அரிசிக் கஞ்சி பட்டா அப்படித்தான் ஆகும். கஞ்சிங்கிறதாலதான் எறும்பும் தேடி வந்திருக்குது. கோந்து இல்லாத வீட்டுல, கைக்கெட்டற தூரத்துல கஞ்சி இருந்திருக்குது.”

“எங்க தெருவுல நாப்பது வீட்டுல கஞ்சி இருக்குது,” என்றார் கதிர்வேல்.

“இருக்குது. கையெழுத்துப் போட்ட தாள் ஒரு வீட்டுலதான் இருந்துது. அப்பவும் நான் சந்தேகப்பட்டுக்கினுதான் இருந்தேன். நீங்களே ஒண்ணு சொன்னீங்க. போன புதன்கிழமை காலை முழுக்கத் தறியில இருந்தேன்னு. உங்க வீட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். அன்னைக்கு அமாவாசை. நான் பிறந்ததிலேர்ந்து எங்க தெருவுல அமாவாசைக்குத் தறி ஓடிக் கேட்டதில்லை. உங்க தெருவுல ஓடுமா?”

பொன்னி தன் அப்பாவைப் பார்த்தாள். “அன்னைக்குக் காலைல சைக்கிள்ல எங்கியோ போய்ட்டு வந்தியேப்பா.”

கதிர்வேல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரூல்ஸ் பேப்பரை இவதான் படிச்சுக் காட்டினா. வேலி போட்டுப் பூட்டணும்னு இருந்துது. பூட்டிட்டா பாவு எங்கம்மா நீட்டறது? நாப்பது வீட்டுக்கும் இதை வுட்டா இடமில்லை. ஏஞ்சலு சாவி குடுக்கும், எனக்குத் தெரியும். நாளைக்கு வேற செயலாளர் வருவாங்க, அவங்க குடுப்பாங்களா? போய்க் கேட்கலாம்னு நினைச்சேன். கேட்டா, மானியம் வேணாமான்னு என் பொண்ணே என்னைக் கேட்பா. அப்பதான் அந்தத் தாளு கண்ணுல பட்டுது. காலேஜ்ல கேட்கவே இல்லை, சும்மா கிடந்துது.”

“ரெண்டு வருஷம் தடைன்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?” ஏஞ்சல் கத்தினாள்.

“சத்தியமா தெரியாதுமா.”

ஏஞ்சல் மைதானத்தின் மறுகோடி வரை நடந்து போனாள். அடிக்க வேண்டும்போல இருந்தது. பதினாலு பெண்களின் முட்டி நினைவுக்கு வந்தது. அதே சமயம் போன வருடம் சுகாசினிக்குக் கால் பிசகியபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய கதிர்வேலும் நினைவுக்கு வந்தார். திரும்பி வந்தபோது இந்திராணி கடிதத்தைக் கோப்புக்குள் வைத்து மூடியிருந்தார்.

“இது போலின்னு நான் எழுதினா உன் மனு உயிரோட வரும். எழுதினது யாருன்னு கேட்பாங்க. போலீஸ் வரைக்கும் போகலாம். எழுதலேன்னா வாபஸ் அப்படியே நிற்கும். பொய் மட்டும் என்னால எழுத முடியாதுமா.”

“நான் வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டதையும் எழுதுங்க மேடம்,” என்றாள் ஏஞ்சல். “தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. அண்ணே, நாளைக்கு நீங்க வரணும். யாரு எழுதினாங்கன்னு அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லணும். அந்த வேலி விஷயத்தையும் சொல்லணும். இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே.”

*

வெள்ளிக்கிழமை மானியக் கூட்டத்தில் கதிர்வேல் எழுந்து நின்றார். தான் எழுதியதையும் சொன்னார், நாற்பது வீட்டுக்கும் பாவு நீட்ட வேறு இடமில்லை என்பதையும் சொன்னார். கூட்டத்தின் தலைவர் கடுகடுத்தார். இந்திராணி தன் அறிக்கையை எடுத்துப் படித்தார். பொது இடத்தைப் பூட்டினால்தான் மானியம் என்ற ஏழாவது விதியால் பதினோரு குழுக்கள் மனுவே போடவில்லை; போட்டவர்களில் சொந்த மைதானம் வைத்திருந்த நான்கு குழுக்களே அந்த விதியைத் தாண்டி வந்தன. பயன்படுத்துகிற எல்லோரும் சேர்ந்து நேரம் பிரித்துக்கொண்டு கையெழுத்திட்டால் வேலியே தேவையில்லை என்பது அவர் எழுதிய திருத்தம்.

இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. ஏஞ்சல் வராந்தாவில் எத்தனை முறை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் ஏழாவது விதி போனது. கதிர்வேலிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். வெறும் தாளில் கையெழுத்திட்டதற்காக ஏஞ்சலின் குழுவுக்கு எச்சரிக்கை. மேட் இந்த ஆண்டு, விளக்குக் கம்பம் அடுத்த ஆண்டு.

பெண்கள் ஏஞ்சலைத் தூக்கிச் சுற்றினார்கள். அவர்களில் பொன்னி இல்லை.

மறுநாளும் அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏஞ்சல் ஆட்டோவை நேரே கதிர்வேலின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆட்டோவுக்குள் ஏற்கெனவே பத்துப் பேர் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் பேருந்தில் முன்னாலேயே போயிருந்தார்கள். பொன்னி கதவைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“எங்கப்பா பண்ணதுக்கு நான் எப்படிக்கா வந்து…”

“உங்கப்பாவை யாரு டீம்ல சேர்த்தது?” என்றாள் ஏஞ்சல். “வாலாஜாபாத்துல ஒன்பது மணிக்கு மேட்ச். ரெய்டுக்கு ஆள் இல்லாம நான் நிக்கிறேன். ஷூ எடுத்துக்கினு வா.”

பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். இடம் இல்லாத ஆட்டோவில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இன்னும் ஒருத்திக்கு இடம் பண்ணினார்கள்.