அம்புக்குறி திரும்பிய நாள்

செவ்வாய்க்கிழமை என்றால் மரியபுஷ்பம் கருவாட்டைத் தொடமாட்டாள். திங்கட்கிழமை மாலையிலேயே ஊறுகாய் பாட்டில் மேல்தட்டுக்கு ஏறிவிடும். காலையில் நான்கு இட்லி, உப்புக் குறைத்த சட்னி, இரண்டு செம்பு தண்ணீர். பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தின் எட்டாவது மாடிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, விரல் அசைவில் மூன்று கிரேன்களை ஆட்டிவைப்பாள். பத்தே காலுக்கு எழுந்து, "முறைக்குப் போயிட்டு வாரேன்" என்பாள். யாரும் எதற்கென்று கேட்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கு வெள்ளிக்கிழமை. கேன்டீன் அம்மாளுக்கு ஞாயிறு. இரண்டு நல்ல சிறுநீரகம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கும் வாரத்தில் ஒரு கிழமை உண்டு.

வார்டுக்கு ஒரு ரேஷன் கடை இருப்பதுபோல வார்டுக்கு ஒரு இணைகுருதி நிலையம். ஜனங்கள் வாயில் அது 'இணைப்பகம்'. புஷ்பத்தினுடையது மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மஞ்சள் கட்டடம். உள்ளே எதிரெதிரே இரண்டு சாய்வு நாற்காலிகள். நடுவில், தையல் மெஷின் உயரத்துக்கு, சக்கரம் வைத்த வடிசவ்வுப் பெட்டி. அதன் ஒரு பக்கக் குழாயில் புஷ்பத்தின் இரத்தம் ஓடும், மறுபக்கத்தில் வேணி என்ற சிறுமியின் இரத்தம். இரண்டும் கலப்பதில்லை. நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு வழியாக, வேணியின் உடம்பால் வெளியேற்ற முடியாத கழிவும் மிச்சத் தண்ணீரும் புஷ்பத்தின் பக்கம் வந்துசேரும். அவளுடைய சிறுநீரகங்கள் தங்கள் வேலையோடு வேலையாக அதையும் வெளியேற்றிவிடும். திரையில் ஒரு பச்சை அம்புக்குறி, சின்னவளிடமிருந்து பெரியவளை நோக்கி, ஒன்றரை மணி நேரம் மினுங்கிக்கொண்டிருக்கும்.

பவளவேணிக்கு வயது எட்டு. பார்த்தால் ஐந்து என்றுதான் சொல்லத் தோன்றும். பிறந்தபோதே அவளுக்கு இரண்டு பக்கமும் சிறுநீரகம் கிடையாது. வாரத்தின் ஏழு நாளைக்கும் ஏழு பேர் முறை வைத்து வந்தார்கள். அவர்களில் யாரையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திங்கள் மாமா, செவ்வாய் அத்தை, புதன் அண்ணன், அப்படித்தான்.

ஏழு வருடங்களுக்கு முன் முறைப்பட்டியலில் தன் பேர் வந்தபோது புஷ்பம் எரிச்சல்பட்டாள். ஊசி ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு முறை மனுப் போட்டாள். இரண்டும் தள்ளுபடியாயின. முதல்நாள் இணைப்பு முடிந்து எழுந்தவுடன் வாயில் துலக்காத பித்தளைப் பாத்திரத்தை நக்கியதுபோல ஒரு கசப்பு. குமட்டல். கைகளில் நமைச்சல்.

"என்ன தம்பி இது, இப்படி வருது?" என்று தொழில்நுட்பர் காதர்மைதீனிடம் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு எந்நேரமும் இருக்கதுதான் மேடம். உங்களுக்கு அரை மணி நேரத்துல போயிரும்."

அதற்குப் பிறகு அவள் மனுப் போடவில்லை.

வேணியின் அம்மா ராஜகனி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சில்தான் புஷ்பத்துக்கு எல்லாம் தெரியவந்தது. ஐந்தாவது மாத ஸ்கேனில் பனிக்குடத்தில் தண்ணீரே இல்லை. வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீர்தான் அந்தத் தண்ணீர் என்பது ராஜகனிக்கு அன்றுதான் தெரியும். தண்ணீர் இல்லாவிட்டால் நுரையீரல் விரியாது, பிறந்தாலும் மூச்சு விடாது. முன்னொரு காலத்தில் அந்த இடத்திலேயே கையை விரித்துவிடுவார்களாம்.

"வாராவாரம் வயித்துல ஊசியைக் குத்தி உப்புத்தண்ணியை ஊத்துனாவ, மைனி. பதிமூணு வாரம். பிறந்ததும் அழுமா அழாதான்னு எல்லாரும் அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாவ. வீல்னு ஒரு சத்தம் பாருங்க! இன்னைக்கும் அவ அழுதா எனக்குக் கோவமே வராது."

மறுநாளே முதல் இணைப்பு ராஜகனியோடு. ஆறு மாதம் அவளும் கணவனும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு பட்டியல் பொறுப்பேற்றது. இயந்திரத்தாலும் இரத்தத்தைச் சுத்தம் செய்ய முடியும். ஆனால் எலும்பு உறுதியாக, இரத்தம் ஊற ஒரு சிறுநீரகம் சேர்த்துத் தரும் சின்னச் சின்ன நல்லவற்றை எந்த இயந்திரமும் முழுதாகத் தரவில்லை. இயந்திரத்தில் மட்டும் இருந்த பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். மனிதர்களோடு இணைந்த பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். அதைக் கண்ட பிறகுதான் சட்டமே வந்தது.

ஆனாலும் அது முழுத் தீர்வு இல்லை. நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்குமேல் வேணி குடிக்கக் கூடாது. வாழைப்பழம், தக்காளி, இளநீர் எதுவும் ஆகாது. காலையில் எழும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கும். அவளுடைய தொப்புள்கொடி உயிரணுக்களிலிருந்து ஒரு வளர்சிறுநீரகத்தை உருவாக்கி ஐந்தாவது வயதில் பொருத்தினார்கள். நான்காவது நாள் வயிறு வலிக்கிறது என்றாள். இரத்தம் கட்டி, அது கருத்துப்போயிருந்தது. சேமிப்பில் இன்னும் ஒன்று வளர்க்கத்தான் உயிரணுக்கள் மிச்சம் இருந்தன. அந்த இரண்டாவதை இப்போது பொருத்திப் பதிமூன்று நாள் ஆகிறது. அது இன்னும் ஒரு சொட்டுக்கூடத் தரவில்லை. பதினைந்தாம் நாள்வரை பார்ப்போம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பதினாறாம் நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அன்றும் செவ்வாய்க்கிழமை. இணைத்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"அத்தை."

"சொல்லு மக்கா."

"அடிவயித்துல என்னமோ பண்ணுது."

காதர் சட்டென்று திரும்பினான். ராஜகனி பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். "வலிக்கா, ஏட்டி?"

"வலிக்கல. உள்ள பலூன் மாதிரி இருக்கு. காலை ஆட்டுனா கொஞ்சம் நல்லாருக்கு."

ராஜகனியின் முகம் வெளுத்தது. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. காதர் திரையில் மருத்துவரை அழைத்தான். காய்ச்சல் இல்லை. தையல் போட்ட இடம் சிவக்கவில்லை. காலை ஏழு மணி ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. மருத்துவர் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காதர் விரல் வைத்ததும் வேணி துள்ளினாள். "அமுக்காதீய! அமுக்குனா இன்னும் பண்ணுது!"

"ஆம்புலன்ஸை வரச்சொல்லுங்கள். உடனே திறந்து பார்த்துவிடுவோம்" என்றார் மருத்துவர்.

புஷ்பம் வேணியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதம் பாதத்தின்மேல் ஏறியது. கால்விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. இந்த ஆட்டத்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் நீளும்போது முன்வரிசைப் பிள்ளைகள் ஆடுவது இதுதான்.

"ஏ காதர் தம்பி, ஆம்புலன்ஸை விடு!" என்று கத்தினாள். "இவளுக்கு ஒண்ணுக்கு வருதுய்யா!"

திரையில் மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இணைப்பைக் கழற்றினால் குழாயிலிருக்கும் இரத்தத்தை உடம்புக்குத் திருப்பியனுப்ப நான்கு நிமிடம் வேண்டும். "தாங்காது அத்தை!" என்றாள் வேணி. ஆகவே ஊர்வலம் கிளம்பியது. முன்னால் வேணி. அவளோடு குழாயால் பிணைந்த புஷ்பம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு காதர். மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி ராஜகனி. கழிப்பறை வாசலில் காதர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். புஷ்பம் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துப் பிள்ளையை உட்காரவைத்தாள்.

"எப்படி அத்தை விடணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா. சும்மா இரு. அதுவா வரும்."

வந்தது. பாத்திரத்தில் நூல் இழைபோல ஒரு சத்தம், நின்று, மறுபடி தொடங்கி, நின்றது. ராஜகனி கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூடா இருக்கு அத்தை!" வேணி வியந்து சிரித்தாள். "எல்லாருக்கும் சூடாத்தான் வருமா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் புஷ்பம், அவள் தலையைத் தடவியபடி.

காதர் அளந்தான். பதினெட்டு மில்லி. வேணியின் மற்ற ஆறு கிழமைக்காரர்களுக்கும் செய்தி பறந்தது. புதன் அண்ணனுக்கு ஏலக்கூடத்தில்தான் வேலை. சீலா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்தவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியிலேயே, "பதினெட்டு மில்லி! எங்க வேணிக்கு வந்துட்டு!" என்று முழங்கினார். என்னவென்று பாதிப் பேருக்குப் புரிந்தது. புரிந்தவர்கள் கைதட்ட, புரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள். மஞ்சள் கட்டடத்துக்குள் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

அடுத்த நாள் நாற்பது மில்லி. அதற்கடுத்த நாள் தொண்ணூறு. இரண்டு வாரத்தில் வேணி தண்ணீர்க் குடத்தின் பக்கத்திலேயே குடியிருந்தாள். கண்ணிமை வீக்கம் வடிந்து, அவளுக்கு இவ்வளவு பெரிய கண்கள் இருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. கிழமைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. உறுதி செய்துகொள்ளக் கடைசியாக ஒரே ஓர் இணைப்பு. அது செவ்வாய்க்கிழமையில் விழுந்தது.

பெட்டி ஓடத் தொடங்கியதும் அம்புக்குறி தயங்கியது. நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி மறுபக்கமாக மினுங்க ஆரம்பித்தது.

"காதர் மாமா, அம்பு தப்பாப் போவுது."

காதர் குழாய்களைச் சரிபார்த்தான். எதுவும் மாறியிருக்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. "தப்பில்ல வேணி. உன் இரத்தம் இப்ப உங்க அத்தை இரத்தத்தைவிடச் சுத்தம். அதான் அவங்க கழிவு உன் பக்கம் வருது. உன் புதுச் சிறுநீரகம் அவங்களுக்கும் சேர்த்து வேலை பாக்குது."

"அய்யோ, நிறுத்து தம்பி!" என்றாள் புஷ்பம். அம்பு திரும்பினால் உடனே நிறுத்த வேண்டும் என்பதுதான் விதியும்.

வேணி தன் பக்கத்துக் குழாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "நிறுத்தாதீய. இவ்வளவு நாளா நான் குடுத்ததை அத்தை வாங்குனாவல்ல? கொஞ்ச நேரம் நான் வாங்குதேன்."

"அப்படியெல்லாம் செய்யக் கூடாது மக்கா."

"நீங்க மட்டும் செய்யலாமா?"

காதர் மருத்துவரை அழைத்தான். அவர் எண்களை ஒருமுறை, இரண்டுமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து நிமிடம். அதற்குமேல் ஒரு நொடிகூடக் கூடாது."

அந்த ஐந்து நிமிடமும் புஷ்பத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. உதவி செய்தே பழகிய உடம்பு, உதவி வாங்குகிற நாற்காலியில் கூசியது. இந்தப் பிள்ளை ஏழு பேரிடம், ஏழு வருடம், இப்படி உட்கார்ந்து வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொண்டே கதை பேசியிருக்கிறாள், விடுகதை போட்டிருக்கிறாள், புஷ்பத்தின் புதுச் சேலை நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய மனது என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமல் அழுதாள்.

"ஏன் அழுதிய? வலிக்கா?"

"இல்லட்டி. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றாள் வேணி ஏமாற்றத்துடன். "இதுக்குப் போயா எல்லாரும் வாய் கசக்குன்னு சொன்னிய?"

நேரம் முடிந்தது. காதர் குழாய்களைக் கடைசி முறையாகக் கழற்றினான். பெஞ்சிலிருந்து எழுந்துவந்த ராஜகனி புஷ்பத்தின் தோளில் நெற்றியை வைத்து நின்றாள். பிறகு கையெழுத்துகள் போட வேண்டியிருந்ததால், "பிள்ளையை வெளிய கூட்டிப் போங்க மைனி, நான் பின்னால வாரேன்" என்றாள்.

வெளியே நல்ல வெயில். ஏலக்கூடத்து முனையில் இளநீர் வண்டி நின்றிருந்தது. மருத்துவர் அனுமதித்த பட்டியலில் அது நேற்றுத்தான் சேர்ந்திருந்தது. வேணி காயை இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சு விடாமல் உறிஞ்சி, வழுக்கையையும் சுரண்டித் தின்று, "இன்னொண்ணு" என்றாள். இன்னொன்றும் குடித்தாள். இருவரும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். டிராம் நிறுத்தத்துக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கையில் அவள் நடுவழியில் நின்றாள்.

"அத்தை. வருது."

"இப்பவா? கொஞ்சம் பொறுத்துக்கோட்டி."

"பொறுக்கதுன்னா எப்படி? அது நீங்க சொல்லித் தரலியே!"

புஷ்பம் அக்கம்பக்கம் பார்த்தாள். எதிரே ஒரு நீலக்கதவு வீடு. ஓடிப்போய்த் தட்டினாள். ஈரக்கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். இதுவரை பார்த்திராத முகம். மூச்சிரைக்க நின்ற புஷ்பத்தையும், முழங்கால்களை இறுக்கிக்கொண்டு ஆடிய வேணியையும், பிள்ளையின் கையில் புதிதாக ஒட்டியிருந்த இணைப்பகத்துப் பிளாஸ்திரியையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"புதுசா வர ஆரம்பிச்சிருக்கா?" என்றாள்.

"ரெண்டு வாரம் ஆவுது" என்றாள் புஷ்பம்.

"ஐயோ, உள்ள ஓடு மக்கா! நேரா போயி இடதுகைப் பக்கம்!"

வேணி பறந்தாள். கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"எனக்கு வியாழக்கிழமை" என்றாள் அந்தப் பெண். "நான் போயி இணையுத பையனுக்கு ஆறு வயசு. அடுத்த மாசம் பொருத்தப் போறாவ."

"வந்துரும்" என்றாள் புஷ்பம். "நல்லா வரும்."

இருவரும் வாசலில் நின்றார்கள். உள்ளேயிருந்து வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் கண்ணை மூடி, சிரித்த முகத்தோடு, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.