ஒரு கல் கூடுதல்

"கழட்டுங்க... மேல் வரிசையைக் கழட்டுங்க!"

பின்னாலிருந்து வந்த அதட்டலில் அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. பயிற்சிக்கூட முற்றத்தில் காலையிலிருந்து இடுப்பொடியக் கட்டிய சுவர். அவளுடைய முதல் சுவர்! கோபமாகத் திரும்பினாள். சிமெண்ட் காய்ந்த கைகளோடு ஒருவன்... கண்ணில் மட்டும் சிரிப்பு.

"கணக்குப் போட்டுத்தான் கட்டினேன். கேக்க நீங்க யாரு?"

"கல்லை எண்ணிட்டீங்க, நடுவுல வெக்கிற கலவையை எண்ணலையே! பத்து வரிசைக்கு ஒரு கல் உசரம் ஏறிடுச்சு."

அளந்து பார்த்தாள். அசடு வழிய மேல் வரிசையைக் கழட்டினாள். போதாததற்கு மழையும் பிடித்துக்கொண்டது. ஈரச் சுவர் கரையாமலிருக்க ஒரே தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நின்றபோதுதான் தெரிந்தது, ஏழு வருடமாகக் கொத்தனாராக இருந்தவன் இப்போது அவள் படிக்கும் கட்டடப் பொறியியலிலேயே சேர்ந்திருக்கிறான் என்று. வாரத்தில் மூன்று நாள் கட்டுமான வேலை, இரண்டு நாள் பல்கலைக்கழகம். ஒன்றில் தோற்றாலும் இரண்டும் போச்சு.

வகுப்பறையில் கதை தலைகீழ். உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டால் அவன் தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"நான் சொல்லித் தரட்டுமா?"

"கொத்தனாராச்சேன்னு பாவம் பாக்கறீங்களா? வேணாம்."

சுருக்கென்றது. போயேன், எனக்கென்ன... என்றுதான் நினைத்தாள். மறுவாரம் அவன் இடம் காலியாக இருந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நாளை மறுதேர்வாம், அதற்கும் வரமாட்டானாம்.

வெட்கத்தை விட்டு அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய் நின்றாள்.

"அன்னிக்கு நீங்க கழட்டச் சொன்னப்போ, பாவம் பாக்கறீங்களான்னு கேட்டேனா? பேசாம கழட்டிக் கட்டினேன்ல? இப்ப உங்க முறை. உக்காருங்க!"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். ஒரு பலகையைத் துடைத்து அவளுக்கும் போட்டான்.

முடிவு ஒட்டிய அன்று, அறிவிப்புப் பலகையில் அவன் எண்ணை வரி வரியாகத் தேடினாள்... இருந்தது!

"அப்பாடா!" வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"பாஸானது நான்... அப்பாடா உங்களுக்கா?" பின்னால் அதே குரல்.

"நீங்க போயிடுவீங்களோன்னு பயந்தே செத்தேன்..." கண்ணில் நீர் முட்டியது.

அவன் காது சிவந்தது. "ஒண்ணு சொல்லணும். உங்க சுவர்ல தப்பு இருக்குன்னு மூணாவது வரிசையிலேயே தெரிஞ்சிடுச்சு."

"பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அப்பவே உங்களைப் பிடிச்சும் போச்சே... பக்கத்துல வந்து பேச தைரியம் வர்றதுக்குள்ள பத்து வரிசை ஆயிடுச்சு."