தேனீக்கு வைத்த வாழைப்பழம்

ஆயுதபூஜை அன்று எழில்மதியின் வீட்டில் சைக்கிளுக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, அரிவாள்மணைக்கும் பொட்டு.

"தேனீப் பெட்டியை விட்டுட்டீங்களே!" என்றான் தம்பி அகரன்.

"அதானே! தேனீயோட கொடுக்கும் ஒரு ஆயுதம்தானே?" என்று சிரித்தார் அப்பா ராஜ்மோகன்.

அப்பா தேனீ வளர்க்கும் பயிற்சிக்குப் போய்விட்டு, போன வாரம்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொல்லையில் முருங்கை நிழலில் வைத்திருந்தார். அம்மா தேவிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"யாரையாவது கொட்டினா, மறுநாளே பெட்டி திரும்பிப் போயிடணும்."

எழில்மதிக்கோ அந்தப் பெட்டி என்றால் உயிர். எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களுக்குக் கீழே கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையைச் சுமந்துகொண்டு தேனீக்கள் வீடு திரும்புவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது.

அம்மா பெட்டிக்குச் சந்தனம் இட்டார். மூடியின்மேல் நன்றாகக் கனிந்த பூவன்பழச் சீப்பை வைத்து, ஒரு பழத்தில் ஊதுபத்தியைச் செருகினார். கடல்காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போனது. அதற்குள் பெட்டிக்குள்ளிருந்து 'கொய்ங்ங்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, என் மூக்கு!"

அம்மா அலறிக்கொண்டே ஓடினார். அப்பா துண்டை உதறிக்கொண்டே ஓடினார். அகரன் கட்டிலுக்கடியில் புகுந்தான். கடைசியாக வந்த எழில்மதி கதவைச் சாத்தினாள். அவள் விரலிலும் ஒரு கொட்டு!

அம்மாவின் மூக்கு தக்காளி மாதிரி வீங்கியது.

"நாளைக்கே பெட்டி கிளம்பணும்!"

எழில்மதி திகைத்து நின்றாள். ஒரு வாரமாக யாரையும் சீண்டாத தேனீக்களுக்கு இன்று என்ன ஆயிற்று?

விரலில் இருக்கும் கொடுக்கைக் கிள்ளி எடுத்தால் விஷம் இன்னும் உள்ளே இறங்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதனால் அதை நகத்தால் பக்கவாட்டில் வழித்து எடுத்தாள். அப்போது லேசாக ஒரு வாசனை. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அப்பா, மோந்து பாருங்க!"

"வாழைப்பழம் தின்னியா?"

"தொடவே இல்லப்பா! கொடுக்கிலேருந்துதான் வருது."

பயிற்சியில் கேட்டதை அப்பா சொன்னார்: தேனீயால் கத்திக் கூப்பிட முடியாது. ஆனால் அது கொட்டும்போது கொடுக்கோடு ஒரு வாசனையும் வெளியே வரும். 'எதிரி இங்கே இருக்கான், ஓடி வாங்க!' என்று அதற்கு அர்த்தம். மற்ற தேனீக்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வரும்.

எழில்மதியின் கண்கள் விரிந்தன. "அப்படின்னா நாம ஒரு சீப்பு 'ஆபத்து'ல்ல வெச்சிருக்கோம், அதுங்க தலைமேலயே!"

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாழைப்பழம் தின்னுட்டுப் பெட்டிகிட்ட போகாதீங்கன்னும் பயிற்சியில சொன்னாங்க. அந்த நேரம் பாத்து டீ வந்துச்சு. நான் சரியா காதுல வாங்கல!"

"நல்லா இருக்கு நீங்க படிச்ச படிப்பு!" என்றார் அம்மா, மூக்கைப் பிடித்துக்கொண்டே.

"அம்மா, அதுங்க நம்ம மேல கோபப்படல. பயந்துபோயிருக்கு. பழத்தை எடுத்துடலாம். அப்புறமும் அடங்கலைன்னா, நானே பெட்டியைத் தூக்கிவிடுறேன்."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வெயில் தாழ்ந்ததும், அப்பாவும் எழில்மதியும் போர்வையால் போர்த்திக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். தேனீக்கள் வந்துபோகும் வாசல் முன்பக்கம். அதனால் அவள் பின்பக்கமாகப் போய், முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை மெல்ல நீட்டினாள். சீப்பைக் கொக்கியில் மாட்டி இழுத்தாள். பழங்கள் தொப்பென்று விழுந்தன. அப்பா அவற்றை வாளியில் போட்டு மூடி, தூரமாகத் தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் 'கொய்ங்ங்' தேய்ந்து, பழைய 'ம்ம்ம்' ஆயிற்று.

மறுநாள் காலையில், அம்மா வீங்கிய மூக்கோடு சாமந்திப் பூக்களைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். ஒரு தேனீ வந்து பூவில் உட்கார்ந்தது.

"இதை முதல்லயே கேட்டிருக்கலாமே நீங்க!" என்று தேனீக்களிடம் சொன்னார்.

பெட்டி எப்போது கிளம்பும் என்று கேட்க எழில்மதிக்குப் பயமாக இருந்தது. அப்போது, கன்னம் உப்ப எதையோ மென்றுகொண்டே அகரன் கொல்லைக்கு ஓடி வந்தான்.

"டேய், நில்லுடா!" என்று கத்தினார் அம்மா. "வாயைக் கழுவிட்டு வந்து நம்ம தேனீயைப் பாரு!"