உம் கொட்டிய கணவன்

செவ்வாய்க் கிரகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவதில்லை. அரை மணி நேரத்துக்கான பிராணவாயுக் குப்பி ஒன்றைத் தலைமாட்டில் வைத்துவிட்டு உட்காருவார்கள். பூமியிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தது கேள்வி ஒன்றுதான்: “எப்படிப்பா ஆச்சு?”

மாசிலாமணி சளைக்காமல் சொல்லுவான். அவன் மனைவி எழிலரசி சூரியத் தகடுகளைத் துடைக்கக் கூடாரத்துக்கு வெளியே போனாள். கவச உடையின் கழுத்துப் பூட்டு சரியாக விழவில்லை. காற்று கசிந்து, மூளை சில நிமிடங்கள் மூச்சுக்குத் தவித்துவிட்டது. “பூட்டைப் பாருடீன்னு ஓடிப்போய்க் கத்துனேன். அவசரக்காரி, காதுலயே வாங்கல.” வந்தவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

நடந்தது வேறு. தன் கழுத்துப் பூட்டைத் தானே பார்க்க முடியாது. இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். “விழுந்திருக்கா பாருங்க” என்று எழிலரசி கேட்டாள். திரையில் கபடிப் போட்டி. மாசிலாமணி திரும்பாமலே “ம்” என்றான். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான் என்று நம்பி அவள் கதவைத் திறந்தாள், பாவம்.

நரம்புப்பின்னி என்ற கருவி, செத்துப்போன நரம்புகளைச் சுற்றி அவள் மூளையில் புதுப் பாதைகள் போட்டது. பேச்சு திரும்பியது, நடையும் திரும்பியது. கைகள் மட்டும் எந்தப் பூட்டைத் தொட்டாலும் வெடவெடவென்று நடுங்கின.

“விபத்துக்கு முந்தின நிமிஷம் அவங்க மூளையில பதியவே இல்ல சார்” என்றார் டாக்டர் ஜெசிந்தா. “அந்த ஓட்டைய, ‘நான்தான் சரியாப் போடல’ன்னு தன் மேலயே பழியப் போட்டு அடைச்சுக்கிட்டாங்க. உங்க நினைவ ஒரு நகல் எடுத்து அங்க வெச்சா, உண்மை எதுவானாலும் தெரிஞ்சு நடுக்கம் நிக்கும்.”

நாளைக்குப் பார்க்கலாம் என்று மாசிலாமணி நழுவினான். ஆனால் டிபன் பாக்ஸ் மூடியைக்கூடப் பூட்ட முடியாமல் அவள் விசும்பியதைப் பார்த்தபின் சோறு இறங்கவில்லை. மானம் போனால் போகட்டும் என்று இயந்திரத்துக்குள் தலையைக் கொடுத்தான்.

அவன் நினைவு நேராக அவளுக்குப் போனது. எழிலரசி கண்களைத் திறந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“இப்பத் தெரியுதுங்க. நீங்க ஓடி வந்து கத்துறீங்க. நான்தான் கேக்காமப் போறேன்.”

“ஐயோ, அது நடக்கவே இல்ல!” மாசிலாமணி பதறினான். “வர்றவங்ககிட்டச் சொன்ன கதை அது. நான் வெறும் ‘ம்’னுதான் சொன்னேன்!”

ஒரு நினைவை எடுத்துச் சொல்லும்போது அது இளகும். சொல்லி முடித்ததும், சொன்னபடியே இறுகிவிடும். மனித மூளை அன்றும் இன்றும் அப்படித்தான். காலனியில் பாதிப் பேருக்கு அவன் கதை சொல்லியிருந்தான். அவன் நினைவு மாற எந்த இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் மறுபடியும் அலசிப் பார்த்தார். “அப்படி ஒரு சத்தமே உங்க மூளையில இல்லையே சார். அவங்க பழிய நீங்க சுமக்கப் பார்க்கறீங்க. பெரிய மனசு.”

அவனும் தேடிப் பார்த்தான். கண்ணை மூடினால் தான் ஓடிப்போய்க் கத்துவதுதான் தெரிந்தது. நெஞ்சை அறுக்கும் குற்ற உணர்ச்சி இருந்தது, குற்றத்தைத்தான் காணோம்.

எழிலரசி டிபன் பாக்ஸ் மூடியைப் பூட்டப் பார்த்து, நடுக்கம் நிற்காத கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதுங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க” என்றாள்.